திண்ணை இத்துப்போன கதை

அம்மாவோட வலது கால் பலகைக்குள்ள போனது 2024 ஜூலை கடைசி வாரத்துல. கடக்வாஸ்லா அணையைத் திறந்துவிட்டு சிங்ககட் ரோடு பக்கம் வீடுகளுக்குள்ள தண்ணி புகுந்துச்சே, டிவியில பார்த்திருப்பீங்க, அதே வாரம். நாங்க இருக்கிறது ஊருக்கு இந்தப் பக்கம், விமான் நகர். அதுவும் ஏழாவது மாடி. ஏழாவது மாடிக்கு வெள்ளம் எங்கே வரப்போகுதுன்னு தெனாவெட்டா டிவி பார்த்துக்கிட்டு இருந்தேன். வெளியில மொட்டைமாடிப் பக்கமிருந்து ஒரு சத்தம். மரம் முறியிற சத்தமா இருந்தா தெரிஞ்சிருக்கும். இது டீயில நனைஞ்ச ரஸ்க்கைக் கையில எடுக்கும்போது உடையுமே, அந்த மாதிரி 'பொதுக்'னு.

பொண்ணு "ஆச்சி!"ன்னு கத்தினதுக்கு அப்புறம்தான் ஓடினேன். கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்துல அம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் பலகைக்குள்ள. என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "பாத்து வா, நீயும் விழுந்துராத."

கணுக்கால்ல மயிரிழை முறிவு. ஆறு வாரம் கட்டு.

இந்தக் கதையில குற்றவாளி யாருன்னு கடைசி வரைக்கும் இழுக்க எல்லாம் வேண்டாம். நான்தான்.

2019-ல அப்பா தவறினதும் அம்மாவைக் கையோட புனேவுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். எங்க ஊர் செங்கோட்டை. (அந்த வருஷம் நவம்பர்லதான் தென்காசி தனி மாவட்டமாச்சு. 'நான் போகும்போது ஒரு மாவட்டம், திரும்பிப் போனா வேற மாவட்டமா?'ன்னு அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தாள்.) அங்கே வீட்டு வாசல்ல திண்ணை உண்டு. இங்கே கதவைத் திறந்தா லிப்ட். அம்மா ஒரு வாரம் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள். அப்புறம் நடக்கிறதையும் நிறுத்திட்டாள். எங்க பிளாட்டோட ஒட்டின மாதிரி இருபதுக்கு ஒன்பது அடியில ஒரு திறந்த மாடி இருக்கு. பில்டர் போட்ட டைல்ஸ், வெயில் காலத்துல தோசைக்கல்லு. "உனக்கு ஒரு திண்ணை போட்டுத் தாறேன்மா, மரத்துல"ன்னு சொல்லிட்டேன்.

பேங்க்காரன் புத்தி எங்கே போகும்? மூணு கொட்டேஷன் வாங்கினேன். கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போட்டேன், நிஜமாவே, எக்ஸெல்ல. எல்-1 யாரோ அவருக்கு வேலை. 'இம்போர்டட் பைன் சார், ட்ரீட் பண்ணின மரம், பத்து வருஷம் அசையாது'ன்னார். நாலு நாள்ல போட்டு முடிச்சு, தேன் கலர்ல பாலிஷ் அடிச்சு, பார்க்க ரிசார்ட் மாதிரி இருந்துச்சு. தங்கமணி போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியாச்சு.

அம்மா வந்தாள். குனிஞ்சு விரல் முட்டியால ஒரு பலகையைத் தட்டினாள். மிச்சம் கிடந்த ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள். "பெட்டி மரம்லா இது?"ன்னாள்.

"இல்லம்மா, நியூசிலாந்து பைன். மருந்து ஏத்தினது."

"அப்படியா? சரி."

அவ்வளவுதான். அஞ்சு வருஷம் அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கட்டு போட்ட காலோட படுத்திருந்த ஆறு வாரத்துல ஒரு தடவையாவது 'நான் அன்னைக்கே சொன்னேன்லா'ன்னு சொல்லியிருந்தா எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும். சொல்லலை.

அம்மாவுக்கு மரம் எப்படித் தெரியும்னு கேட்டா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். செங்கோட்டைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம், மத்தவங்களுக்காக. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, இந்தப் பக்கம் நாங்க. மரம் அந்த வழியா இறங்கும், ஊரைச் சுத்தி அறுவை மில்லுங்க. அப்பா அதுல ஒண்ணுல முப்பது வருஷம் கணக்குப்பிள்ளை. சாயங்காலம் வரும்போது புருவம் வரைக்கும் தூள் ஒட்டியிருக்கும், கையில ஒரு சாக்கு மரத்தூள். எங்க வீட்டுல ரொம்ப நாள் தூள் அடுப்புதான். நடுவுல ஒரு பாட்டிலை நிறுத்திச் சுத்தித் தூளைத் திணிச்சுக் கெட்டிப்பண்ணி, பாட்டிலை உருவிப் பத்த வைக்கிற அடுப்பு. இருந்தவங்களுக்கு அந்த வாசனை ஞாபகம் வரும். எந்த மரத்தூள்னு அம்மா புகையை வெச்சே சொல்லுவாள். தேக்குன்னா ஒரு மாதிரி, வேங்கைன்னா ஒரு மாதிரி, அயினின்னா ஒரு மாதிரி.

நான் காமர்ஸ் படிச்சதுக்கே அந்த மில்லுதான் காரணம்னு நினைக்கிறேன். உருட்டு மரத்தை எப்படிக் கணக்குப் போடுவாங்க தெரியுமா? நூலால நடுவுல சுற்றளவு எடு, நாலால வகு, வர்றதை அதாலேயே பெருக்கு, அப்புறம் நீளத்தால பெருக்கு. எட்டாங்கிளாஸ்ல உருளையோட கன அளவு படிச்சுட்டு வந்து, "அப்பா, உங்க கணக்கு தப்பு, நிஜ அளவுல 78 சதவீதம்தான் வருது"ன்னு பெருமையாச் சொன்னேன். அப்பா சிரிச்சார். "மிச்சம் இருபத்திரெண்டு பட்டையும் தூளும்லே. விக்கிறவன் தார கழிவு"ன்னார். முதல் முதல்ல நான் பார்த்த 'மார்ஜின்' அதுதான்.

அந்த அப்பாவோட பையன்தான் புனேயில பெட்டி மரம் வாங்கினான்.

சரி, மரத்துக்கு வருவோம். செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, பக்கத்து சொசைட்டிக்கு வேலைக்கு வர்ற வயசான மராத்தி சுதார் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். சுதார்னா இங்கே தச்சர். எல்லாரும் 'காகா'ன்னு கூப்பிடுவாங்க. பையில ஒரு திருப்புளி, ஒரு உளி. முதல்ல திருப்புளியால ஒவ்வொரு பலகையா குத்திக்கிட்டே போனார். நடுவுல குத்தினா 'டக்'னு நிக்குது. ஓரத்துல, ஸ்க்ரூ போட்ட இடத்துல, ரெண்டு பலகை முனை சேர்ற இடத்துல குத்தினா வெண்ணெய்ல போற மாதிரி கைப்பிடி வரைக்கும் போகுது. மேலே பாலிஷ் மட்டும் பளபளன்னு இருக்கு!

அந்த பாலிஷ் என் வேலை. தீபாவளிக்குத் தீபாவளி நானே பிரஷ் எடுத்து ஒரு கோட் அடிப்பேன். பேங்க்ல ஒரு வேலை உண்டு, செய்யக் கூடாத வேலை. வட்டி கட்ட வக்கில்லாத பார்ட்டிக்குப் புதுசா ஒரு கடன் கொடுத்து, அந்தப் பணத்துலயே பழைய வட்டியை வரவு வெச்சு, கணக்கை உயிரோட இருக்கிற மாதிரி காட்டுறது. எவர்கிரீனிங்னு பேரு. தொண்ணூறு நாள் தாண்டினா வாராக்கடன்னு எழுதிடணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன், வீட்டுல அஞ்சு வருஷமா பாலிஷ் அடிச்சிருக்கேன். :-)

காகா பலகையை நெம்பி எடுத்தார். அடியில பார்த்ததும் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. ரீப்பர்ங்க கருப்பா, சின்னச் சின்னச் சதுரமா வெடிச்சு, கையால கிள்ளினா தூளா வருது. நடுவுல கருஞ்சேறு, காய்ஞ்ச இலை, புறா இறகு. மழை விட்டு மூணு நாள் ஆகியும் தண்ணி நிக்குது.

"பாணி அடக்லய், ஸாஹேப்"ன்னார். தண்ணி மாட்டிக்கிச்சாம்.

தளத்துக்கு ஒரு வாட்டம் இருக்கும் இல்லையா, கிழக்கு மூலையில தண்ணி போற ஓட்டைக்கு? எல்-1 ஆளு ரீப்பரை எல்லாம் வாட்டத்துக்குக் குறுக்கே, நேரா டைல்ஸ் மேலேயே பதிச்சிருக்கார். வயல்ல வரப்பு போட்ட மாதிரி. ரெண்டு ரீப்பருக்கு நடுவுல ஒரு குளம். மொத்தம் பதிமூணு குளம். கடைசியில தண்ணி போற ஓட்டைக்கு மேலேயும் ஒரு பலகையைப் போட்டு மூடி, அதுக்கு மேல பூந்தொட்டி. ஏழாவது மாடியில வெள்ளம் வராதுன்னேனே, இது அஞ்சு வருஷமா வந்துக்கிட்டு இருந்த வெள்ளம்.

கீழ் வீட்டுக்காரர் ரெண்டு வருஷமா 'எங்க சீலிங்ல ஈரம்'னு சொசைட்டிக்கு லெட்டர் போட்டுக்கிட்டு இருந்தார். 'அது பில்டர் குறை'ன்னு நானும் பக்காவா இங்கிலீஷ்ல பதில் போட்டுக்கிட்டு இருந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். மனுஷன் டீ கொடுத்தார். அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

மரம் ஏன் மக்குதுன்னு அப்புறம் உட்கார்ந்து படிச்சேன். மக்க வைக்கிறது தண்ணி இல்லை, ஒரு வகைப் பூஞ்சை. ஆனா அதுக்குத் தண்ணி வேணும். மரத்துக்குள்ள ஈரம் ஏறக்குறைய இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தா அதால ஒண்ணும் பண்ண முடியாது. நனைஞ்சு காய்ஞ்சு நனைஞ்சு காய்ஞ்சு இருக்கிற மரம் பல வருஷம் தாங்கும். நனைஞ்சது காயாம இருந்தாத்தான் வினை. அதுலயும் பலகையோட பரப்பு குடிக்கிறதை விட வெட்டு முனை பல மடங்கு வேகமா குடிக்கும். மரம் உயிரோட இருந்தப்போ வேர்லேருந்து தண்ணி ஏறின குழாயெல்லாம் அங்கேதானே திறந்து கிடக்கு. திருப்புளி முனையிலயும் ஸ்க்ரூ ஓட்டையிலயும் உள்ளே போனதுக்குக் காரணம் இதுதான்.

'ட்ரீட்' பண்ணின மரம்னாரே, அதைப் பத்தியும் படிச்சப்போ ஒரு ஆச்சரியம். உலகம் பூரா வேலிக்கம்பு, மின்கம்பம், அமெரிக்கா ஆஸ்திரேலியாவில வீட்டு டெக்குன்னு பச்சை நிறத்துல இருக்குமே மருந்து ஏத்தின பைன், அந்த மருந்தைக் கண்டுபிடிச்சவர் நம்ம ஆளு. சொன்டி காமேசன்னு பேரு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல இருந்தவர். 1933-ல தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூணையும் சேர்த்துப் பண்ணினார். சிசிஏன்னு சொல்லுவாங்க. ஆர்சனிக் இருக்கேன்னு பின்னாடி பயம் வந்து, அமெரிக்காவில 2003 முடிவோட வீட்டு வேலைக்கு அதை நிறுத்திட்டாங்க. இப்போ ஆர்சனிக் இல்லாத தாமிர மருந்துங்க வந்தாச்சு. அதுல தாமிரம் ஜாஸ்தி, சாதா இரும்பு ஆணியைச் சீக்கிரம் தின்னுடும். சிட்னியிலயோ டல்லாஸ்லயோ வீடு வாங்கி, பின்பக்கம் டெக்கோட இருக்கிறவங்க இதைக் கவனிச்சுக்கோங்க. பலகை நல்லா இருந்தாலும் ஸ்க்ரூ கழண்டா கால் போறது போறதுதான்.

முக்கியம் என்னன்னா, இந்த மருந்தை டப்பாவுல வெச்சு பிரஷ்ஷால அடிக்க முடியாது. மரத்தைப் பெரிய இரும்பு உருளைக்குள்ள போட்டு, காத்தை உறிஞ்சி எடுத்து, அப்புறம் அழுத்தத்துல மருந்தை ஏத்தணும். என் வீட்டுப் பலகையை அறுத்துப் பார்த்தா உள்ளே பச்சையும் இல்லை ஒண்ணும் இல்லை, வெள்ளை வெளேர்னு இருக்கு. அம்மா சொன்னது சரி. மெஷின் பார்சல் வந்த பெட்டியைப் பிரிச்ச மரமாவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அக்டோபர்ல, கட்டெல்லாம் பிரிச்சு பிசியோவும் முடிஞ்ச பிறகு, அம்மா "ஊருக்குப் போயி ஒரு மாசம் இருந்துட்டு வாரேன்"ன்னாள். சித்தி அடுத்த தெருவுலதான் இருக்கிறாள், பிரச்சினை இல்லை. ஆனா பெட்டியில கம்பளி ஸ்வெட்டரையும் எடுத்து வெச்சதைத் தங்கமணி பார்த்துட்டாள். செங்கோட்டையில ஸ்வெட்டர் எதுக்கு? இங்கே குளிருக்கு வாங்கின சாமான் எதையும் இங்கே விட்டுட்டுப் போகலைன்னா என்ன அர்த்தம்? "அத்தை திரும்பி வர்ற ஐடியாவுல இல்லை"ன்னாள் தங்கமணி.

ஒரு மாசம் ரெண்டாச்சு, நாலாச்சு. போன்ல கேட்டா, "இங்கன திண்ணையில நாலு பேரு வந்து பேசுதாவ, பொழுது போயிருது"ன்னு பதில். அந்தத் 'திண்ணை'ங்கிற வார்த்தையை வேணும்னு சொன்னாளா, வேணும்னு இல்லாம சொன்னாளா, தெரியாது.

முதல்ல மரத்தைத் தொடவே இல்லை. நவம்பர், டிசம்பர்ல தளம். பழைய டைல்ஸைப் பெயர்த்து, பிரிக்பேட் கோபா போட்டு (நம்ம ஊர்ல சுண்ணாம்புக் கலவையோட செங்கல் ஜல்லி போட்டுத் தட்டுவாங்களே, அதுக்கு அண்ணன் தம்பி), வாட்டத்தைத் திருத்தி, ஓட்டையை அடைச்சுத் தண்ணியை நிரப்பி ரெண்டு நாள் விட்டோம். கீழ் வீட்டுக்காரர் ஏணி போட்டு சீலிங்கைத் தடவித் தடவிப் பார்த்துட்டு "சுக்கா ஹை"ன்னு சொன்னதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம். செலவுல பாதி இதுக்கே போச்சு. போட்டோ எடுத்துக் காட்ட ஒண்ணும் இல்லாத செலவு.

மார்ச்சுல பலகைத் தேர்வு. இந்தத் தடவை எக்ஸெல் இல்லை. நாலு சாம்பிள் வாங்கி மாடியில வரிசையா வெச்சேன். டபிள்யூ.பி.சி.ன்னு ஒண்ணு, மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிப் பலகையா இழுக்கிறது. தெர்மோ மரம்னு ஒண்ணு, பைனையோ ஆஷ் மரத்தையோ இருநூறு டிகிரி சுமாருக்கு ஆவியில வேக வைக்கிறது. பின்லாந்துக்காரங்க 1990கள்ல பெருசாக் கொண்டு வந்த முறை. பூஞ்சைக்குப் பிடிச்ச சர்க்கரை மாதிரி சமாச்சாரம் எல்லாம் வெந்து போயிடுமாம். மூணாவது புதுத் தேக்கு. நாலாவது, வெளிர் நிறத்துல வழுக்காத டைல்ஸ். மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுல எல்லாரும் செருப்பு இல்லாம ஏறி நிக்கணும்னு உத்தரவு.

பொண்ணு டபிள்யூ.பி.சி. மேல கால் வெச்ச வேகத்துல கீழே குதிச்சாள். கரும் பழுப்பு நிறம், மார்ச் வெயிலுக்கே அந்தச் சூடு. ஏப்ரல் மே என்ன ஆகும்? நேர்மையாச் சொல்லணும், அது கெட்ட சரக்கு இல்லை. கரையான் தொடாது, பாலிஷ் செலவு இல்லை. நிழல் இருக்கிற பால்கனின்னா நானே சிபாரிசு பண்ணுவேன். ஆனா சூட்டுல நீளும், அதனால முனைக்கு முனை இடைவெளி விடணும். மரம் மாதிரி விறைப்பும் கிடையாது, அடியில சட்டம் நெருக்கமா இருக்கணும். இல்லேன்னா நடுவுல தொய்யும். விவரத்தை அம்மாகிட்ட போன்ல சொன்னேன்.

"என்னது, தூளையா பலகையா விக்கான்?"

"ஆமாம்மா, சதுர அடி முந்நூத்தம்பது."

"ஒங்கப்பா சாக்குச் சாக்கா சும்மால்லா கொண்டாந்தாவ!"

ரொம்ப நாளைக்கப்புறம் அம்மா சிரிச்சுக் கேட்டது அன்னைக்குத்தான்.

தெர்மோ மரம் காலுக்கு நல்லா இருந்துச்சு. ஆனா வேக வெச்சதால கொஞ்சம் மொறுமொறுப்பு. சாம்பிள் முனை கீழே விழுந்ததுல பொடிச் சில்லாத் தெறிச்சுது. விலையும் தலைக்கு மேல. பைனை மருந்து ஏத்தி வாங்கலாமான்னா, நிஜமா ஏத்தினதுதானான்னு அறுத்துப் பார்க்காம நம்ப என் மனசு ஒப்புக்கலை. மிச்சம் தேக்கு.

தேக்குலயும் ஒரு சூது இருக்கு. நம்ம பாஷையிலயே பதில் இருக்கு பாருங்க, 'வைரம் பாய்ஞ்ச கட்டை'ன்னு. மரத்தோட நடுப்பகுதிதான் வைரம். பூச்சியையும் பூஞ்சையையும் தள்ளி வைக்கிற எண்ணெயும் சத்தும் அங்கேதான். சுத்தி இருக்கிற வெளிறின பகுதி, அப்பா 'வெள்ளை'ம்பார், தேக்கே ஆனாலும் பெட்டி மரத்துக்குச் சமம்தான். சீக்கிரம் வெட்டின இளமரத்துல வெள்ளைதான் ஜாஸ்தி. கடையில காட்டின புதுத் தேக்குச் சாம்பிள்ல ஒரு ஓரம் பூரா வெள்ளை, அது மேல கலர் அடிச்சு மறைச்சிருந்தாங்க. 'பர்மா தேக்கு இருக்கு சார்'னு அடுத்த அஸ்திரம். மியான்மர் 2014-லயே உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திட்டாங்களே, அப்புறம் எப்படின்னு கேட்டேன். 'பழைய ஸ்டாக்'ன்னார். பேங்க்ல 'பழைய ஸ்டாக்'னு சொல்ற பார்ட்டியை நாங்க எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்துட்டு வந்துட்டேன்.

காகாதான் வழி சொன்னார். "புனேயில இருந்துக்கிட்டு புது சாக்வான் எதுக்கு?" சாக்வான்னா தேக்கு. இந்த ஊரே ஒரு காலத்துல தேக்கால நின்ன ஊரு. பேஷ்வாக்களோட சனிவார் வாடா 1732-ல கட்டி முடிச்சது, ஜுன்னர் காட்டுத் தேக்கு. 1828-ல தீப்பிடிச்சு மேல்மாடியெல்லாம் போய், இன்னைக்குக் கல் மதிலும் வாசலும் அடித்தளமும்தான் மிச்சம். பேட்டைங்கள்ல சாதாரண ஜனங்க கட்டின வாடாக்களும் தேக்குத் தூண், தேக்கு உத்தரம்தான். அதையெல்லாம் ஒவ்வொண்ணா இடிச்சு அடுக்குமாடி கட்டுறாங்க. அந்த மரம் பவானி பேட்டை டிம்பர் மார்க்கெட் பக்கம் வந்து விழுது.

ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை (ரெண்டாவது சனி, பேங்க் லீவு) போனேன். கூரை உயரத்துக்கு அடுக்கி இருக்கு. கருத்துப் போய், சுண்ணாம்பு ஒட்டி, ஆணி துருத்திக்கிட்டு. பார்த்தா விறகுன்னுதான் சொல்லுவீங்க. காகா ஒரு உத்தரத்தோட முனையை உளியால ரெண்டு சீவு சீவினார். உள்ளே தங்க நிறம். எனக்கு என்ன தோணுச்சோ, அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன்.

"தட்டு, கேக்கேன்."

தட்டினேன்.

"கையால இல்லலே, கல்லு ஏதாவது எடுத்துத் தட்டு. ஆங். முனையில தட்டு. இப்ப நடுவுல."

கடைக்காரர், காகா, ரெண்டு ஹமால் எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. நாற்பத்தேழு வயசு ஆளு ஒருத்தன் போனை மரத்துக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டுக் கல்லால தட்டிக்கிட்டு இருக்கான்.

"இது கணகணங்குது. அந்த முந்தினது வேண்டாம், உள்ள பொந்து இருக்கு. சீவின எடத்த மோந்து பாரு. புதுச் செருப்பு வாசன வருதா?"

வந்தது. தோல் வாசனை. அப்பா சட்டையில வந்த வாசனை. கொஞ்ச நேரம் என்னால பேச முடியலை. அந்தப் பக்கமும் சத்தம் இல்லை.

அஞ்சு உத்தரத்தைத் தட்டி மூணை எடுத்தோம். காகா அந்த 'பொந்து இருக்கு'ன்ன மரத்தைத் திருப்பிப் போட்டு உளியை இறக்கிப் பார்த்தார். நாலு விரல் உள்ளே போச்சு. போனைப் பார்த்துக் கும்பிடு போட்டார்.

இருபதுக்கு ஒன்பதும் தேக்கு போட என் பென்ஷன் பணம் எல்லாம் போகும். போடலை. கதவுலேருந்து கறிவேப்பிலைத் தொட்டி வரைக்கும், பத்துக்கு ஆறு மட்டும் தேக்கு. மிச்சம் வெளிர் டைல்ஸ். ரிசார்ட் போட்டோ இனிமே கிடையாது, தங்கமணி பெரிய மனசு பண்ணி ஒப்புக்கிட்டாள். அறுவை மில்லுல முதல்ல உலோகம் கண்டுபிடிக்கிற கருவியால மரம் பூரா தடவினாங்க. பழைய மரத்துக்குள்ள ஒரு ஆணி புதைஞ்சிருந்தா ரம்பப் பல்லு காலி. ஒன்றரைக் கிலோ ஆணி வந்துச்சு, பூராவும் கொல்லன் அடிச்ச சதுர ஆணி. ஒண்ணை என் ஆபீஸ் மேஜையில வெச்சிருக்கேன்.

இந்த வேலை நடக்கும்போது பொண்ணு ஒரு விஷயம் படிச்சுக் காட்டினாள். பம்பாயில வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டுற பட்டறையில 1817-ல தேக்குல ஒரு போர்க்கப்பல் கட்டி பிரிட்டிஷ் கடற்படைக்குக் கொடுத்தாங்களாம். அது இன்னைக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல்ங்கிற ஊர்ல தண்ணியில மிதக்குது. பேரு டிரிங்கோமலி. நம்ம திருகோணமலைதான்! இருநூறு வருஷம் கடல்ல நின்ன மரம் ஏழாவது மாடியில நிக்காதான்னு ஒரு தெம்பு.

இந்தத் தடவை போட்ட விதம் மட்டும் சுருக்கமா. தரையில மரம் படவே இல்லை. உயரம் கூட்டிக் குறைக்கிற பிளாஸ்டிக் கால், அது மேல துத்தநாகம் பூசின இரும்புச் சட்டம், வாட்டத்தோட ஓட்டத்துலயே. பலகைக்குப் பலகை ஆறு மில்லிமீட்டர் இடைவெளி, அம்மாவோட கைத்தடி முனை போகாது, தண்ணி போகும். வெட்டு முனை எல்லாத்துக்கும் மெழுகு கலந்த பூச்சு. 304 கிரேடு துருப்பிடிக்காத ஸ்க்ரூ. வார்னிஷ் கிடையாது, வெறும் எண்ணெய். வார்னிஷ் தோலு மாதிரி நிக்கும், வெயில்ல வெடிக்கும், வெடிப்புல போன தண்ணி வெளியில வராது. எல்லாத்தையும் விட முக்கியம், மொத்தமும் ஆறு தட்டுங்களா பிரிச்சிருக்கு. ரெண்டு பேர் சேர்ந்தா ஒரு தட்டைத் தூக்கிச் சாய்ச்சு வெச்சுட்டு அடியில கூட்டலாம். 2025-ல மழை அவசரப்பட்டு மே 26-க்கே புனே வந்துடுச்சு. ரெண்டாவது கை எண்ணெய் காயலை. தார்ப்பாய் போட்டு மூடிட்டு ராத்திரி முழுக்க நானும் பொண்ணும் டார்ச் அடிச்சு அடியில பார்த்துக்கிட்டு இருந்தோம். தண்ணி நேரா ஓட்டைக்குப் போச்சு. நிக்கவே இல்லை.

ஜூன் மூணாவது வாரம் அம்மா வந்தாள். திருநெல்வேலியில நாகர்கோவில்–மும்பை எக்ஸ்பிரஸ்ல சித்தி மகன் ஏத்திவிட்டுக் கூடவே வந்தான். புனே ஸ்டேஷன்ல இறங்கினப்போ பெட்டியை நான்தான் தூக்கினேன். ஸ்வெட்டர் இருக்கான்னு பார்க்கணும்னு கை பரபரன்னுச்சு.

வீட்டுக்கு வந்து காபி குடிச்சுட்டுத்தான் மாடிப் பக்கமே திரும்பினாள். கதவுல நின்னு கைத்தடியால முதல் பலகையைத் தட்டினாள். அடுத்தது. அதுக்கடுத்தது. அப்புறம் செருப்பைக் கழட்டிட்டு இடது காலை வெச்சாள். கொஞ்சம் நின்னாள். வலது காலைத் தூக்கும்போது தங்கமணி கையைப் பிடிக்கப் போனாள், வேண்டாம்னு தலையாட்டிட்டாள். நடந்து போய்க் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்துல உட்கார்ந்து, பலகையைக் கையால தடவிக்கிட்டே இருந்தாள். ஒரு சுகோய் பறந்து போச்சு, அது போற வரைக்கும் இங்கே யாரும் பேச மாட்டோம்.

"ஏலே, இந்த ஆணி ஓட்டையெல்லாம் இப்படியே விட்டுட்டியா?"

"அது பழைய ஆணியோடதும்மா. அழகா இருக்குன்னு இன்டீரியர்காரங்க எல்லாம் அப்படியே விடுறாங்க."

"அழகா? தண்ணி நிக்கும்லா அதுக்குள்ள?"

எனக்குத் தோணவே இல்லை பாருங்க. இவ்வளவு படிச்சும்!

"அறுத்த தூளு இருக்கா, கொட்டிட்டியளா?"

காகா ஒரு சாக்குல கட்டிக் கொடுத்துட்டுப் போயிருந்தார், வீசறதுக்கு நேரமில்லாம பால்கனி மூலையில கிடந்துச்சு. கொண்டு வந்து வெச்சேன். அம்மா ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்துட்டு, முறத்துல சலிச்சு, கடையிலேருந்து நான் வாங்கிட்டு வந்த எபாக்சிப் பசையை அதோட பிசைஞ்சு, ஒவ்வொரு ஓட்டையா அடைக்க ஆரம்பிச்சாள். கையுறை போடச் சொன்னா கேட்கலை. பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து எண்ணினாள். மொத்தம் நாற்பத்தி மூணு. "நாப்பத்திநாலு"ன்னாள் அம்மா. மறுபடி எண்ணினாங்க. கணக்குப்பிள்ளை பொண்டாட்டி சொன்னதுதான் சரியா இருந்துச்சு.